கோக் குடிக்காமல் இருந்தால் காசாவில் என்ன மாறும்?

கேள்வி இதுதான்: "இஸ்ரேல் பொருள்களைப் புறக்கணிப்போம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. கோக், பெப்சி, கே.எஃப்.சி., ஷாம்பு, பிஸ்கட் என்று நூறு பிராண்டுக்கு மேல் அதில் இருக்கிறது. இவற்றை வாங்காமல் விட்டால் இஸ்ரேலுக்கு நிஜமாகவே அடிபடுமா? பி.டி.எஸ். என்கிறார்களே, அதை நடத்துவது யார்? ஹமாஸா? இதெல்லாம் யூத வெறுப்பு என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?"

அந்தப் படத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். அமெரிக்க கம்பெனி என்ற ஒரே காரணத்துக்காக அதில் ஏறியிருக்கும் பெயர்கள் ஏராளம். இந்த வகை நீளப் பட்டியல்கள் வேண்டாம், சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறி வையுங்கள் என்று பி.டி.எஸ். இயக்கமே பலமுறை சொல்லிவிட்டது. நூறு பெயரையும் ஞாபகம் வைத்துக் கடைக்குப் போகிறவர் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பார். அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். எந்தக் கம்பெனிக்கும் தன்னை ஏன் ஒதுக்கினார்கள், என்ன செய்தால் விடுவார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆனால் புறக்கணிப்பே வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. சில நிறுவனங்கள் நிஜமாகவே வழிக்கு வந்திருக்கின்றன. எவை வந்தன, ஏன் வந்தன என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

புறக்கணிப்பு, முதலீட்டைத் திரும்பப் பெறுதல், பொருளாதாரத் தடை ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் பி.டி.எஸ். 2005 ஜூலை 9 அன்று 170-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் (தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், அகதி முகாம் குழுக்கள்) சேர்ந்து இந்த அழைப்பை விடுத்தன. தேதி தற்செயல் அல்ல. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 2004 ஜூலை 9 அன்று, மேற்குக் கரைக்குள் இஸ்ரேல் கட்டும் சுவர் சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியிருந்தது. ஒரு வருடம் ஆகியும் எந்த அரசும் அசையவில்லை. அரசுகள் செய்யாததை மக்கள் செய்யட்டும் என்பதுதான் அழைப்பின் தொனி. கோரிக்கைகள் மூன்று: 1967-ல் பிடித்த நிலத்தை விட்டு இஸ்ரேல் வெளியேறிச் சுவரை இடிக்க வேண்டும், இஸ்ரேலுக்குள் வாழும் அரபுக் குடிமக்களுக்கு முழுச் சம உரிமை வேண்டும், ஐ.நா.வின் 194-ஆம் தீர்மானப்படி, 1948 போரில் வீடிழந்த பாலஸ்தீன அகதிகள் திரும்பிவரும் உரிமையை ஏற்க வேண்டும்.

இதன் முகமாக அறியப்படுபவர் ஒமர் பர்கூத்தி. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதை எதிர்ப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார்கள். இயக்கத்தை ஹமாஸ் நடத்தவில்லை. ஆனால் அதை ஒருங்கிணைக்கும் தேசியக் குழுவில் உறுப்பாக இருக்கும் ஒரு கூட்டமைப்பில் ஹமாஸுக்கும் இடம் உண்டு. இஸ்ரேல் தரப்பு பிடித்துக்கொள்வது அந்த இழையைத்தான். பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸே இதை முழுதாக ஆதரித்ததில்லை. 2013 டிசம்பரில் மண்டேலாவின் இறுதி நிகழ்ச்சிக்காகத் தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது, இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை, மேற்குக் கரைக் குடியேற்றங்களில் (பிடித்த நிலத்தில் இஸ்ரேல் தன் மக்களுக்காக அமைத்த ஊர்களில்) தயாராகும் பொருள்களைத்தான் புறக்கணிக்கச் சொல்கிறோம் என்றார். புறக்கணிப்புப் போராட்டத்துக்குப் பெயர்போன அந்த நாட்டில் நின்று அவர் அதைச் சொன்னது பி.டி.எஸ். ஆட்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதற்கு முன்பே ஒரு பெரிய புறக்கணிப்பு இருந்தது. இன்று பலர் அதை மறந்துவிட்டார்கள். இஸ்ரேல் பிறப்பதற்கு முன்பே, 1945 டிசம்பரில், பாலஸ்தீனத்து யூதர்களின் பொருள்களை வாங்கக்கூடாது என்று அரபு லீக் அறிவித்தது. பின்னர் டமாஸ்கஸில் அலுவலகம் போட்டு, இஸ்ரேலில் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் கறுப்புப் பட்டியல் வைத்தார்கள். கோகா-கோலா கதை இங்கேதான் வருகிறது. அரபுச் சந்தைக்குப் பயந்து இஸ்ரேலில் பாட்டில் ஆலைக்கு அனுமதி தர மறுக்கிறது என்று 1966-ல் அமெரிக்க யூத அமைப்புகள் கோக் மீது குற்றம் சாட்டின. அமெரிக்காவில் கோக்கைப் புறக்கணிக்கும் பேச்சு கிளம்பியது. கோக் பயந்து இஸ்ரேலுக்கு உரிமம் கொடுத்தது. உடனே அரபு லீக் கோக்கைத் தடை செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அரபு நாடுகளில் பெப்சி கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம் இதுதான். எகிப்து மட்டும் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் செய்த பிறகு முன்னதாகவே விலகிக்கொண்டது. அதேபோல ஜப்பானிய கார் கம்பெனிகள் இஸ்ரேல் பக்கமே வராத காலத்தில் சுபாரு மட்டும் துணிந்து வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இஸ்ரேல் சாலைகளில் எங்கு பார்த்தாலும் சுபாரு நின்றதற்கு அந்தக் காரின் அழகு காரணமல்ல.

அந்தப் புறக்கணிப்பு இஸ்ரேலுக்குக் கொஞ்சம் வலித்தது, முறிக்கவில்லை. 1977-ல் அமெரிக்கா தன் நிறுவனங்கள் அதற்குப் பணியக்கூடாது என்று சட்டம் போட்டது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த ஆஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு, 1994-ல், வளைகுடா நாடுகள் வெளிநாட்டு நிறுவனங்கள் மீதான தடையைக் கைவிட்டன. அரசுகள் மேலிருந்து திணித்த புறக்கணிப்பு அது. அரசியல் கணக்கு மாறியதும் ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

கீழிருந்து வந்த முயற்சிகள் வேறு ரகம். பெத்லகேம் பக்கத்தில் பெய்த் சஹூர் என்று ஒரு சிற்றூர், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். முதல் இன்டிஃபாதா (பாலஸ்தீன மக்கள் எழுச்சி) நடந்த 1988-ல் அந்த ஊர்க்காரர்கள், இஸ்ரேல் கம்பெனிப் பால் வாங்க வேண்டாம், நாமே மாடு வளர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மாட்டை வாங்கியது ஓர் இஸ்ரேல் கிப்புட்ஸிடம் (கூட்டுப் பண்ணை). பதினெட்டு மாடுகள். மாடு மேய்த்தே பழக்கமில்லாத ஆசிரியர்களும் கடைக்காரர்களும் அவற்றைப் பராமரித்து, வீடு வீடாகப் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். ராணுவம் வந்தது, மாடுகளைப் படம் பிடித்தது, இவை நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் மாடுகளை ஒளித்து வைக்க, ராணுவம் தேட, அது தனிக்கதை. அடுத்த ஆண்டு அதே ஊர், எங்களுக்கு ஓட்டு இல்லை, எங்கள் வரிப் பணம் எங்கே போகிறது என்றும் தெரியாது, ஆகவே வரி கட்ட மாட்டோம் என்றது. ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து, வாரக்கணக்கில் வீடு வீடாகப் புகுந்து ஃபிரிட்ஜ், டி.வி., சோபா, பட்டறை இயந்திரம் என்று எல்லாவற்றையும் ஜப்தி செய்தது.

பதினெட்டு மாட்டின் பாலால் எந்தப் பால் கம்பெனிக்கும் நஷ்டம் வந்திருக்காது. ஆனாலும் ராணுவம் பதறியது. புறக்கணிப்பின் பலம் விற்பனைக் கணக்கில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இவர்கள் நம்மைக் கேட்காமலே வாழப் பழகிவிடுவார்களோ என்ற பயம்தான் அங்கே வேலை செய்தது.

அந்தப் பயம் இன்று ஆதாரமில்லாதது என்றும் சொல்ல வேண்டும். 1994-ல் கையெழுத்தான பாரிஸ் நெறிமுறை என்ற பொருளாதார ஒப்பந்தப்படி பாலஸ்தீனர்களின் பொருளாதாரம் இஸ்ரேலோடு பின்னப்பட்டுவிட்டது. அவர்கள் கையில் இருப்பது இஸ்ரேலின் ஷெகல் நாணயம். அவர்களுக்கு வரும் சரக்குக்கான வரியை வசூலிப்பதே இஸ்ரேல்தான். மேற்குக் கரை நகரமான ரமல்லாவின் மளிகைக் கடையில் இஸ்ரேல் பாலும் தயிரும் அடுக்கியிருக்கும். உலகத்தையே புறக்கணிக்கச் சொல்லும் மக்கள் தாங்களே முழுதாகப் புறக்கணிக்க முடியாத நிலைமை. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கதவுக்கு வெளியே பூட்டிவிட்டு "ஏன் வெளியே வரவில்லை" என்று கேட்பதைப் போன்றது அது.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். இதில் நன்றாக ஆராய வேண்டியது சோடாஸ்ட்ரீம். வீட்டிலேயே சோடா தயாரிக்கும் இயந்திரம் செய்யும் இஸ்ரேல் நிறுவனம். அதன் முக்கியத் தொழிற்சாலை மேற்குக் கரையில், மிஷோர் அதுமிம் என்ற குடியேற்றத் தொழிற்பேட்டையில் இருந்தது. 2014 ஜனவரியில் நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன் அதன் விளம்பரத் தூதரானார். அவர் ஏற்கெனவே ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் தூதர். ஆக்ஸ்ஃபாமோ குடியேற்ற வணிகத்தை எதிர்ப்பது. இரண்டில் ஒன்றை விட வேண்டிய கட்டம் வந்தபோது அவர் ஆக்ஸ்ஃபாமை விட்டார். ஆனால் அந்தச் சர்ச்சைக்கு முன்னால் மிஷோர் அதுமிம் எங்கே இருக்கிறது என்று தெரியாத கோடிக்கணக்கான பேருக்கு அதற்குப் பின்னால் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அந்த ஆலையை மூடி இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பகுதிக்குப் போவதாக நிறுவனம் அறிவித்தது. வணிகக் காரணம்தான், புறக்கணிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம்.

இரு தரப்பும் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது. மேற்குக் கரைப் பாலஸ்தீனர்கள் சுமார் 500 பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். பாலஸ்தீனப் பகுதியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பளம். ஆலை போனதும் பெரும்பாலானோருக்கு வேலை போயிற்று. கூடவே போன சிலருக்கும் 2016 பிப்ரவரியில் இஸ்ரேலுக்குள் வேலை செய்யும் அனுமதிச்சீட்டு நின்றுபோனது. "பாருங்கள், புறக்கணிப்பு யாரைக் கொல்கிறது" என்று இஸ்ரேல் ஆதரவாளர்கள் இன்றும் காட்டுவது இதைத்தான். அந்தக் குடும்பங்களின் இழப்பு உண்மை, அதைத் தள்ளிவிடக்கூடாது. ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபருக்கு முன் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். போர் தொடங்கியதும் மிகப் பெரும்பான்மையோரின் அனுமதியை இஸ்ரேல் அரசு ஒரேயடியாக நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்பத்தான் 2024 தொடக்கத்தில் ஹரியானாவிலும் உத்தரப்பிரதேசத்திலும் கொத்தனார்களையும் கம்பி கட்டுபவர்களையும் ஆள் எடுத்தார்கள். பாலஸ்தீனத் தொழிலாளியின் சோறு புறக்கணிப்பால் போனதைவிட இப்படிப் போனது பல நூறு மடங்கு.

சோடாஸ்ட்ரீம் விஷயத்தில் பி.டி.எஸ். மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. குடியேற்றத்திலிருந்து வெளியேறு என்றார்கள், நிறுவனம் வெளியேறியது. அதன் பிறகும் புறக்கணிப்பை நிறுத்தவில்லை. நெகேவில் பெதுயின் அரபுகள் இடம்பெயர்க்கப்படுவதற்கு இந்த ஆலையும் துணை போகிறது என்று புதுக் காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கேட்டதைச் செய்தாலும் விட மாட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த கம்பெனி ஏன் காது கொடுத்துக் கேட்க வேண்டும்? குடியேற்றத்தை மட்டும் எதிர்ப்பவரும் இஸ்ரேல் என்ற அமைப்பையே எதிர்ப்பவரும் ஒரே கொடியின் கீழ் நிற்பதால் வரும் சிக்கல் இது. 2018-ல் அந்த நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு பெப்சிகோ வாங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து அரபுப் புறக்கணிப்பின் ஆதாயத்தில் வளர்ந்த அதே பெப்சி.

மெக்டொனால்ட்ஸ் கதை இன்னும் விசித்திரம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். காசா மீது இஸ்ரேலின் போர் தொடங்கியது. அந்த முதல் நாள்களில், தன் கடைகளில் ராணுவத்தினருக்கு இலவச உணவு கொடுப்பதாக மெக்டொனால்ட்ஸின் இஸ்ரேல் உரிமதாரர் சமூக ஊடகத்தில் படம் போட்டார். அவ்வளவுதான், மலேசியா, இந்தோனேசியா, ஜோர்டான், எகிப்து எங்கும் கடைகள் காலியாயின. மெக்டொனால்ட்ஸ் பெரும்பாலும் உரிமம் கொடுத்து நடத்தும் தொழில். ஜோர்டான் கடை முதலாளிக்கும் இஸ்ரேல் கடை முதலாளிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வளைகுடா நாட்டு உரிமதாரர்கள், அது நாங்கள் இல்லை, நாங்கள் காசாவுக்கு நிதி கொடுக்கிறோம் என்று அவசர அவசரமாக அறிக்கை விட்டார்கள். மலேசிய உரிமதாரரின் உரிமையாளர் ஒரு சவூதி நிறுவனம், அது பி.டி.எஸ். மலேசியா மீது 60 லட்சம் ரிங்கிட் கேட்டு வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் திரும்பப் பெற்றது. ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் தலைமையகம் இஸ்ரேலிலுள்ள 225 கடைகளையும் உரிமதாரரிடமிருந்து தானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

அந்த இஸ்ரேல் உரிமதாரர் ஓம்ரி பதான் யார் தெரியுமா? குடியேற்றங்களை எதிர்க்கும் 'இப்போதே அமைதி' இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 2013-ல் மேற்குக் கரையின் ஏரியல் குடியேற்றத்தில் கடை திறக்க மறுத்து, குடியேற்றவாசிகளின் கோபத்துக்கு ஆளானவர். ஆள் பார்த்து அடிக்காமல் பெயர்ப்பலகை பார்த்து அடித்தால் இப்படித்தான் ஆகும். ஸ்டார்பக்ஸுக்கோ 2003-க்குப் பிறகு இஸ்ரேலில் ஒரு கடைகூடக் கிடையாது. அமெரிக்காவில் அதன் தொழிலாளர் சங்கம் பாலஸ்தீன ஆதரவுப் பதிவு போட, கம்பெனி சங்கத்தின் மீது வழக்குப் போட, அதிலிருந்து கிளம்பியது தீ. மத்தியக் கிழக்கில் ஸ்டார்பக்ஸ் நடத்தும் குவைத் நிறுவனமான அல்ஷாயா 2024 மார்ச்சில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. கோக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. கோக்கின் இஸ்ரேல் உரிமதாரருக்குக் கிழக்கு ஜெருசலேமின் அதரோத் குடியேற்றத் தொழிற்பேட்டையில் கிடங்கு இருக்கிறது, அதுதான் குற்றச்சாட்டு. பாலஸ்தீனத்தில் கோக் தயாரிப்பதோ ஒரு பாலஸ்தீன நிறுவனம். 2016-ல் காசாவிலேயே ஆலை திறந்தது.

ஆக, உங்கள் தெருமுனையில் கோக் வாங்காமல் விட்டால் இஸ்ரேலுக்கு என்ன நஷ்டம் என்றால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. இஸ்ரேல் ஏற்றுமதியில் பெரும்பங்கு மென்பொருள், சிப், இயந்திரம், ரசாயனம், ஆயுதம். இவை மளிகைக் கடை அலமாரியில் இருப்பவை அல்ல. வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் இன்டெல் சிப்புக்குப் பின்னால் இஸ்ரேலின் கிர்யாத் காத் ஆலை இருக்கலாம். அதைக் கழற்றி எறிகிறவர் யாரும் இல்லை.

வலிக்கும் இடம் வேறு. ஒப்பந்தமும் முதலீடும். கிழக்கு ஜெருசலேம் குடியேற்றங்களையும் இணைக்கும் ஜெருசலேம் டிராம் திட்டத்தில் பங்கு வைத்திருந்த பிரான்ஸின் வெயோலியா, ஐரோப்பிய நகரசபை ஒப்பந்தங்களில் தொடர்ந்து தொல்லைக்கு ஆளாகி, 2015-க்குள் இஸ்ரேலில் இருந்ததையெல்லாம் விற்றது. அமெரிக்காவின் பிரெஸ்பிடேரியன் சபை 2014-ல், இஸ்ரேல் ராணுவம் பயன்படுத்தும் புல்டோசர்களைத் தயாரிக்கும் கேட்டர்பில்லர் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களின் பங்குகளை விற்க முடிவு செய்தது. வாக்கு 310-க்கு 303. நார்வேயின் அரசு எண்ணெய் நிதி, உலகிலேயே பெரிய முதலீட்டு நிதிகளில் ஒன்று, 2025 ஆகஸ்டில் கேட்டர்பில்லரையும் ஐந்து இஸ்ரேல் வங்கிகளையும் விலக்கியது. அமெரிக்க அரசு வெளிப்படையாக முகம் சுளித்தது. நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் விதிகளை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி இத்தகைய விலக்கல்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. பெரிய பணம் நகர்ந்தால் பெரிய அரசுகள் தலையிடும் என்பதுதான் இதில் தெரிவது.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான். 1959-ல் லண்டனில் தொடங்கிய பழப் புறக்கணிப்பு இருபத்தைந்து ஆண்டுகள் மனசாட்சியைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் 1985-ல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தபோதுதான் நிறவெறி அரசின் நாணயம் சரிந்தது. அந்த இருபத்தைந்து ஆண்டு இல்லாமல் அந்த ஒரு நாள் வந்திருக்காது என்பது என் எண்ணம். இஸ்ரேல் விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: அமெரிக்கா. தென்னாப்பிரிக்கா மீது தடை விதிக்கும் சட்டத்தை ரீகன் தடுத்தபோது, 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. இஸ்ரேலைப் பொறுத்தவரை அமெரிக்காவின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் புறக்கணிப்பவர்களுக்கு எதிராகவே சட்டமோ ஆணையோ போட்டிருக்கின்றன. 2017-ல் ஹார்வி புயலில் மூழ்கிய டெக்சாஸின் டிக்கின்சன் நகரில், வீட்டைப் பழுதுபார்க்க நிவாரணப் பணம் கேட்டு வந்தவர்களிடம், இஸ்ரேலைப் புறக்கணிக்க மாட்டேன் என்று உறுதிமொழி கேட்டார்கள். கூரை போனவனிடம் கேட்கும் கேள்வியா இது! கடும் கண்டனம் எழுந்த பிறகு அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள்.

ஐரோப்பாவில் தீர்ப்பு வேறு பக்கம் போனது. பிரான்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் டி-ஷர்ட் போட்டுத் துண்டறிக்கை கொடுத்த 11 பேருக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். அது கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூனில் சொன்னது. ஜெர்மன் நாடாளுமன்றமோ 2019 மே மாதத்தில் பி.டி.எஸ்.ஸின் வாதங்களும் முறைகளும் யூத வெறுப்பு என்று தீர்மானம் போட்டது. ஜெர்மானியருக்கு "இங்கே வாங்காதே" என்ற வாசகம் எதை நினைவூட்டும் என்று புரிந்துகொள்ள முடிகிறது. 1933 ஏப்ரல் 1 அன்று நாஜிகள் யூதக் கடை வாசல்களில் ஆள் நிறுத்திப் பிடித்த பலகையில் இருந்தது கிட்டத்தட்ட அதுதான்.

அப்படியானால் பி.டி.எஸ். யூத வெறுப்பா? ஓர் அரசின் செயலை எதிர்த்து அதன் நிறுவனங்களை ஒதுக்குவது இன வெறுப்பு ஆகாது. 2021-ல் யூத வரலாற்றை ஆராயும் அறிஞர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனமும் புறக்கணிப்பு தன்னளவில் யூத வெறுப்பு அல்ல என்கிறது. இஸ்ரேலியர்களே இதைச் செய்திருக்கிறார்கள்: 2010-ல் ஏரியல் குடியேற்றத்தில் அரங்கம் திறந்தபோது இஸ்ரேல் நாடக நடிகர்கள் பலர் அங்கே நடிக்க மாட்டோம் என்றார்கள். அடுத்த ஆண்டே புறக்கணிக்கச் சொல்பவர் மீது நஷ்டஈடு கேட்கலாம் என்று இஸ்ரேல் சட்டம் இயற்றியது. குடியேற்றத்தை மட்டும் புறக்கணிக்கச் சொன்னாலும் அதில் தப்ப முடியாது.

ஆனால் கோடு தாண்டியதும் உண்டு. 2015-ல் ஸ்பெயினில் நடந்த ஒரு ரெகே இசை விழாவில் பாட இருந்த மத்திஸ்யாஹு ஓர் அமெரிக்க யூதர். இஸ்ரேல் குடிமகனே அல்ல. உள்ளூர் பி.டி.எஸ். குழுவின் அழுத்தத்தால், பாலஸ்தீனம் பற்றிய உன் நிலையைச் சொல் என்று அவரிடம் கேட்டு, அவர் மறுத்ததும் நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். வேறு எந்தப் பாடகரிடமும் கேட்காத கேள்வி. எதிர்ப்பு கிளம்பி மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தார்கள். ஒருவரின் அரசைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்துக் கேட்டால் அது வெறுப்பேதான். அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். இன்னொரு விஷயம்: மூன்றாவது கோரிக்கை, அகதிகள் திரும்புவது, முழுதாக நிறைவேறினால் யூதர் பெரும்பான்மையான நாடாக இஸ்ரேல் நீடிக்காது. எதிர்ப்பவர்கள் பயப்படுவது இதைத்தான், அது கற்பனைப் பயம் அல்ல. இயக்கமோ ஒரு நாடா இரு நாடா என்பதில் நாங்கள் நிலை எடுப்பதில்லை, உரிமையைத்தான் கேட்கிறோம் என்று நழுவிவிடுகிறது. பாலஸ்தீனர்களுக்காக வாழ்நாள் முழுக்க எழுதிய அமெரிக்க அறிஞர் நார்மன் ஃபின்கல்ஸ்டீன் அந்த நழுவலுக்காகத்தான் 2012-ல் அவர்களோடு மல்லுக்கட்டினார்.

கல்விப் புறக்கணிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவனங்களைத்தான் ஒதுக்குகிறோம், ஆள்களை அல்ல என்று விதி இருக்கிறது; நடைமுறையில் அடிபடுவது ஆள்தான். பி.டி.எஸ். அழைப்புக்கு முன்பே, 2002-ல், மான்செஸ்டரில் இரண்டு மொழிபெயர்ப்பு ஆய்விதழ்களின் குழுக்களிலிருந்து இரண்டு இஸ்ரேல் கல்வியாளர்களை நீக்கினார்கள். அவர்களில் மிரியம் ஷ்லெசிங்கர், ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இஸ்ரேல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் பேசினால் கோக்கும் பர்கரும் முக்கியமே அல்ல. இஸ்ரேல் ஏற்றுமதி செய்யும் ஆயுதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்குவது இந்தியா. ஹைதராபாத்தில் அதானியும் இஸ்ரேலின் ஆயுத நிறுவனமான எல்பிட்டும் சேர்ந்து ட்ரோன் தொழிற்சாலை நடத்துகின்றன. இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகம் 2023 ஜனவரியிலிருந்து அதானி தலைமையிலான கூட்டு நிறுவனத்தின் கையில். 2024 ஜூலையில், பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் இருப்பதே சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது. செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை வழிமொழிந்தபோது 124 நாடுகள் ஆதரவு, 14 எதிர்ப்பு, 43 நாடுகள் வாக்களிக்கவில்லை. அந்த 43-ல் இந்தியாவும் ஒன்று. 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்த நாடு.

மக்கள் பக்கத்திலிருந்து இங்கே நடந்தவை சின்னவை, ஆனால் குறி தப்பாதவை. கண்ணூரில் இஸ்ரேல் காவல்துறைக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வந்த மரியன் அப்பாரல் நிறுவனம், ஒப்புக்கொண்டதை முடித்துத் தருவோம், அமைதி திரும்பும் வரை புது ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. 2024 பிப்ரவரியில், நாட்டின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்றது. அப்படியும் சென்னையிலிருந்து சுமார் 27 டன் வெடிபொருளோடு மரியான் டானிகா என்ற கப்பல் ஹைஃபாவை நோக்கிப் போனது. மே மாதம், வழியில் ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டபோது ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. இனி இப்படிப்பட்ட எந்தக் கப்பலுக்கும் இதே பதில்தான் என்று வெளியுறவு அமைச்சர் அல்பாரெஸ் சொன்னார். உங்களுக்கு வந்த அந்தப் படத்தில் நூறு பிராண்டு இருந்ததாகச் சொன்னீர்கள். இந்தக் கப்பலில் போனது அவற்றில் எதுவும் இல்லை.